மருந்துவழி அட்ரீனல் பற்றாக்குறை: ஸ்டீராய்டு ஈடுசெய் சிகிச்சை

மருந்துவழி அட்ரீனல் பற்றாக்குறை என்பது, ஆஸ்துமா, முடக்குவாதம் போன்ற நோய்களுக்காக நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் உடலில் அட்ரீனல் சுரப்பிகளின் இயற்கையான கார்ட்டிசால் சுரப்பு குன்றிவிடும் நிலை. மாத்திரை மட்டுமன்றி, மூட்டில் போடும் ஊசியும் உள்ளிழுக்கும் மருந்தும்கூட இதை உண்டாக்கலாம்.

வரலாறு
முடக்குவாதத்துக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு முதன்முதலில் 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தரப்பட்டது. 1952-லேயே எச்சரிக்கை வந்தது. கார்ட்டிசோன் எடுத்துவந்த நோயாளி ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் அதிர்ச்சி நிலைக்குச் சென்று இறந்தார். அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கியிருந்தன.

காரணம்
வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனைப் பிட்யூட்டரி சுரப்பி குறைத்துவிடும். வேலையில்லாத அட்ரீனல் புறணி மெலியும். ஆனால், அதே புறணியின் ஆல்டோஸ்டிரோன் சுரப்பைச் சிறுநீரகத்தின் ரெனின் ஆள்வதால் அது தப்பிக்கிறது. ஆகவே, அட்ரீனலே பழுதாகும் அடிசன் நோயில் ஆல்டோஸ்டிரோனுக்கு ஈடாகத் தேவைப்படும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் இங்கே வேண்டியதில்லை.

மருந்துகளின் ஒப்பீடு
20 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன், 5 மி.கி. பிரட்னிசோலோன், 4 மி.கி. மெத்தில்பிரட்னிசோலோன், 0.75 மி.கி. டெக்ஸாமெதசோன் ஆகியவை ஏறத்தாழ ஒரே வலிமை கொண்டவை. வேறுபாடு அவை வேலை செய்யும் நேரத்தில் இருக்கிறது.

- ஹைட்ரோகார்ட்டிசோன்: கார்ட்டிசாலேதான். 8 முதல் 12 மணி நேரம் வேலை செய்யும். நாளுக்கு 15–25 மி.கி. அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத் தருவர். கடைசி வேளை பிற்பகலோடு முடிந்தால், இரவில் பிட்யூட்டரி விழித்தெழ இடம் கிடைக்கும்.
- பிரட்னிசோலோன்: 12 முதல் 36 மணி நேரம் வேலை செய்யும். காலையில் ஒரு வேளை, 4–6 மி.கி. போதும். மறதி உள்ளவர்களுக்கு வசதி. ஆனால், கார்ட்டிசால் பரிசோதனை சிலவற்றில் இதுவும் கார்ட்டிசாலாகக் கணக்காகிவிடும்.
- டெக்ஸாமெதசோன்: 36 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்து பிட்யூட்டரியை அடக்கிவைப்பதால், ஈடுசெய்ய ஏற்றதன்று.

மீட்சி
ஸ்டீராய்டு தேவைப்பட்ட அடிப்படை நோய் அடங்கியபின் அளவைப் படிப்படியாகக் குறைப்பர். கடைசி வேளைக்கு 24 மணி நேரம் கழித்துக் காலையில் எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசால் 10 மைக்ரோகிராம்/டெசிலிட்டரைத் தாண்டினால், சுரப்பி மீண்டதாகக் கொண்டு மருந்தை நிறுத்தலாம். 5-க்குக் கீழே இருந்தால் ஈடு தொடர வேண்டும். மீட்சிக்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும்.

நெருக்கடி
காய்ச்சல், அறுவை சிகிச்சை, விபத்து ஆகியவற்றின்போது கூடுதல் அளவு தேவை. வாந்தியும் தாழ் இரத்த அழுத்தமும் மயக்கமும் சேர்ந்தால் அது அட்ரீனல் நெருக்கடியாக இருக்கலாம். அப்போது 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியை உடனே போட்டு, தொடரும் 24 மணி நேரத்தில் 200 மி.கி. வரை தருவர். எந்த மாத்திரையை எடுப்பவருக்கும் இந்நிலையில் மருந்து இதுவே.