1879 விளம்பரமும் அமெச்சூர் கொள்கையும்: கிளிஃப்டன்வில் கழகத்தின் தோற்றம் குறித்து ஒரு மறுவாசிப்பு

பெல்ஃபாஸ்டின் கிளிஃப்டன்வில் கால்பந்துக் கழகம் 1970களின் தொடக்கம் வரை அமெச்சூர் கழகமாகவே நீடித்தது. இக்கொள்கை கழகத்தோடு உடன்பிறந்தது என்பது அயர்லாந்துக் கால்பந்து வரலாற்றெழுத்தில் யாரும் நின்று கேள்வி கேட்காத முடிபாகிவிட்டது. அதற்கு ஆதாரமாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது, 1879 செப்டம்பர் 20 அன்று ‘பெல்ஃபாஸ்ட் நியூஸ் லெட்டர்’, ‘நார்தர்ன் விக்’ ஆகிய நாளிதழ்களில் வந்த சில வரி விளம்பரம். அந்த வரிகள் அத்தகைய பாரத்தைத் தாங்க மாட்டா. கழகத்தின் அமெச்சூர் நிலை 1879இன் மரபுரிமை அன்று. அயர்லாந்தில் தொழில்முறை ஆட்டம் ஏற்கப்பட்ட 1894ஐ ஒட்டி உருவான நிலைப்பாடு என்றே நான் கருதுகிறேன்.

விளம்பரத்தில் உள்ளவை மிகக் குறைவு. கழகத்தின் பெயர், அடுத்து அடைப்புக்குறிக்குள், ஆட்டம் ஸ்காட்லாந்து அசோசியேஷன் விதிகளின்படி நடக்கும் என்ற குறிப்பு, உறுப்பினராக விரும்பும் கனவான்கள் தொடர்புகொள்ள வேண்டிய இருவர் பெயர்கள், முதல் பயிற்சி அன்றே மாலை மூன்றரை மணிக்கு என்ற அறிவிப்பு. இருவரில் ஒருவர் ஜான் மக்கலரி. அயர்லாந்துக் கால்பந்தின் தந்தை என்று பின்னாளில் அழைக்கப்பட்டவர். மற்றவர் கென்னடி. அவரைத் தேடிச் செல்ல வேண்டிய இடம் டொனகால் பிளேஸில் இருந்த புரூக்ஃபீல்டு லினன் நிறுவனம்.

முந்தைய வாசிப்பு ‘கனவான்கள்’ என்ற விளியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. கனவான் என்றால் கூலிக்கு ஆடாதவன். ஆகவே கழகம் முதல் நாளிலிருந்தே அமெச்சூர். ஆகவே பின்னாளைய பிடிவாதம் அந்த நாளின் தொடர்ச்சி. மூன்றே படிகள், ஆனால் முதற்படியே உறுதியற்றது. அக்கால நாளிதழ்களில் கிரிக்கெட் கழகமும் உறுப்பினர்களை இப்படித்தான் விளித்தது, விருந்து ஏற்பாடு செய்தவர்களும் இப்படித்தான் விளித்தார்கள். அது விளம்பர நடையின் மரியாதை வழக்கு. அதிலிருந்து ஒரு கழகத்தின் பொருளியல் கொள்கையை வடித்தெடுக்க முடியாது.

விளம்பரத்தின் மற்ற விவரங்களையும் கவனித்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. கென்னடியின் முகவரி ஒரு வணிக நிறுவனம். வீடோ மாளிகையோ அன்று. மக்கலரி ஆண்களுக்கான ஆடைக்கடை ஒன்றின் மேலாளர். அதாவது அழைத்தவர்கள் சம்பளத்துக்கு வேலைபார்த்த, லினன் வணிகத்தையும் துணிக்கடையையும் சார்ந்த நடுத்தர மனிதர்கள். செப்டம்பர் 20 ஒரு சனிக்கிழமை. ஜவுளி ஆலைகளின் சனிக்கிழமை வேலையை நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் முடித்துவிட 1874ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகைசெய்திருந்தது. அலுவலக எழுத்தர்களுக்கு அச்சட்டம் நேரடியாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் லினனைச் சுற்றியே இயங்கிய நகரத்தில் சனிக்கிழமை மூன்றரை மணி என்பது, காலையில் வேலை பார்த்தவர்கள் வந்துசேரக்கூடிய நேரம். பகலெல்லாம் ஓய்வுள்ள கனவான்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இன்னொன்றும் உண்டு, இதை எவரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. காலை இதழில் அழைப்பு, மாலையில் பயிற்சி. திடலும் விதிகளும் முடிவாகியிருக்கின்றன. பந்தை உதைக்கச் சிலராவது முன்பே திரண்டிருக்க வேண்டும். அந்நிய ஆட்டம் ஒன்றுக்கு ஒரே நாளில், அதுவும் ஒரு விளம்பரத்தை மட்டும் நம்பி, ஆள் சேர்ந்துவிடும் என்று மக்கலரி எண்ணியிருப்பாரா? இது பிறப்புச் சான்றிதழ் அன்று. ஏற்கெனவே கூடியிருந்த சிறு குழு ஒன்று தன்னைப் பகிரங்கப்படுத்திக்கொண்ட அறிவிப்பு. அப்படியானால் ‘முதல் நாளின் கொள்கை’ என்று ஒன்றை இதிலிருந்து தேடுவதே பிழை. கொள்கை என்று ஏதேனும் பேசப்பட்டிருந்தால் அது விளம்பரத்துக்கு முன்பு பேசப்பட்டது; இதில் பதிவாகவில்லை.

பதிவான கொள்கை ஒன்றே ஒன்று, அடைப்புக்குறிக்குள் இருப்பது. அன்றைய பெல்ஃபாஸ்டில் கால்பந்து என்றால் பெரும்பாலும் ரக்பி; வடஅயர்லாந்தின் முன்னோடி ரக்பிக் கழகம் 1868 முதலே அங்கு இயங்கியது. கிளிஃப்டன்வில் தன் முதல் ஆட்டத்தில் சந்தித்துத் தோற்ற க்விட்நங்க்ஸ் அணியும் ரக்பி ஆடியவர்களின் கூட்டமே. இங்கிலாந்துச் சங்கத்துக்கும் ஸ்காட்லாந்துச் சங்கத்துக்கும் இடையே, பக்கக் கோட்டிலிருந்து பந்தை எறியும் முறை உட்படச் சில விதிகளில் அப்போது வேறுபாடு இருந்தது. 1882 டிசம்பரில் மான்செஸ்டர் மாநாட்டில்தான் அவை இணக்கப்படுத்தப்பட்டன. எனவே விளம்பரம் தந்தவர்களின் கவலை யாருக்குச் சம்பளம் என்பதன்று, எந்த ஆட்டம் என்பது. 1880 நவம்பர் 18 அன்று குவீன்ஸ் ஹோட்டலில் ஏழு கழகங்கள் கூடி அயர்லாந்துக் கால்பந்துச் சங்கத்தை நிறுவியபோது மக்கலரி அதன் செயலாளரானார்; சங்கமும் ஸ்காட்லாந்து விதிகளையே ஏற்றது. அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தக் குறிப்பு ஓராண்டு கடந்த சிறிது காலத்தில் நாடு முழுவதற்கும் விதியாயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழும், வலுவான மறுப்புதான். விளம்பரத்துக்கு ஓராண்டு முன்பு, 1878 அக்டோபர் 24 அன்று, மக்கலரி ஸ்காட்லாந்திலிருந்து குவீன்ஸ் பார்க், கலிடோனியன் என்ற இரு அணிகளை வரவழைத்து அல்ஸ்டர் கிரிக்கெட் திடலில் கண்காட்சி ஆட்டம் நடத்தினார். குவீன்ஸ் பார்க் அமெச்சூர் இலட்சியத்தின் கொடிபோல் நின்ற கழகம். 2019 வரை அதைக் கைவிடவில்லை. அந்த இலட்சியமே கடல் கடந்து வந்தது என்று ஏன் கொள்ளக்கூடாது? கொள்ள இயலாது, காலவரிசை இடம்தராது. தொழில்முறை ஆட்டம் இங்கிலாந்தில் 1885இலும், ஸ்காட்லாந்தில் 1893இலும், அயர்லாந்தில் 1894இலும்தான் ஏற்கப்பட்டது. 1878இல் கலிடோனியனும் விதிப்படி அமெச்சூர் அணியே. குவீன்ஸ் பார்க்கைத் தனித்துக் காட்டிய குணம், மற்றவர்கள் கைவிட்ட பிறகு அது கைவிடாததால் வந்தது. எல்லாரும் ஒன்றாக இருந்த நாளில் அதைப் பார்த்து யாரும் தனிக்கொள்கை கற்றிருக்க முடியாது.

மக்கலரி தேனிலவுக்கு எடின்பரோ போனபோது கால்பந்தைக் கண்டு மயங்கினார் என்ற கதை மெய்யா பொய்யா என்ற சர்ச்சையில் நான் இறங்கப்போவதில்லை. அவருக்கு முன்பே அயர்லாந்தில் இவ்விதிகளில் ஆட்டங்கள் நடந்தன என்று அண்மைய ஆய்வுகள் காட்டுவதும் இவ்வாதத்தைத் தொடாது. தேனிலவுக் கதையும் ‘கனவான்’ வாசிப்பும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதை மட்டும் குறிப்பிடலாம்: வணிக நகரத்தில் சம்பளக்காரர்கள் சேர்ந்து கட்டிய ஓர் அமைப்பை, தனிமனிதர் ஒருவரின் காதலாகவும் கண்ணியமாகவும் மாற்றிச் சொல்கின்றன. நூற்றாண்டு விழா மலர்களுக்கு இது உவப்பானது.

வெற்றிப் பட்டியலும் முந்தைய வாசிப்புக்கு ஒத்துழைக்கவில்லை. 1881இல் முதல் அயர்லாந்துக் கோப்பையின் இறுதியில் மொயோலா பார்க்கிடம் 1–0 எனத் தோற்ற கிளிஃப்டன்வில், 1894க்கு முன் 1883, 1888 என இருமுறை கோப்பையை வென்றது. சம்பளம் சட்டபூர்வமான பிறகோ 1897, 1900, 1901, 1907, 1909 என ஐந்து முறை. லீக் பட்டத்தை 1906இல் டிஸ்டிலரியோடு பகிர்ந்துகொண்டது, 1910இல் தனித்தே வென்றது. அமெச்சூர் நிலை பழைய கனவான் பழக்கத்தின் எச்சம் மட்டுமே என்றால், போட்டியாளர்கள் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிய பதினைந்து ஆண்டுகளில் கழகம் இறங்கியிருக்க வேண்டும், ஏறியது. தெரிந்தே மறுத்த ஓர் அணி, அந்த மறுப்பையே தன் அடையாளமாக்கி, சம்பளம் வேண்டாத நல்ல ஆட்டக்காரர்களை ஈர்த்தது என்ற விளக்கம் இதற்குப் பொருந்துகிறது. எண்ணிக்கை சிறியது, கோப்பைப் போட்டியில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. ஆயினும் இவ்விளக்கத்தைக் கைவிட எனக்குக் காரணம் தென்படவில்லை.

1909க்குப் பின் அடுத்த அயர்லாந்துக் கோப்பைக்கு 1979 வரையும், 1910க்குப் பின் அடுத்த லீக் பட்டத்துக்கு 1998 வரையும் கழகம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நீண்ட வறட்சியை 1879இன் கனவான்கள் தலையில் கட்டுவது எளிது. ஆனால் அதே கொள்கை 1910 வரை கோப்பைகளையும் தந்திருக்கிறது. ஆகவே விளக்கம் தேவைப்படுவது கொள்கைக்கு அல்ல, 1910க்குப் பின் அதன் விலை ஏன் ஏறியது என்பதற்கு. அதைச் சொல்லக்கூடியவை பிற கழகங்களின் கணக்கேடுகள்.