துரத்தல் காட்சிகளின் தாளம்: இந்தியத் திரையில் ஃபங்க் இசையும் புனே ஆவணக் காப்பகமும்

இந்தியத் திரையிசையின் வரலாற்றைப் பெரும்பாலும் பாட்டுகளை வைத்தே எழுதியிருக்கிறோம். இசைத்தட்டும் ஒலிநாடாவும் பாட்டுகளைத்தான் காப்பாற்றித் தந்தன என்பதால் அது இயல்பே. ஆனால் ஃபங்க், சோல் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்க இசை வகைகள் 1970களில் நம் திரைக்குள் நுழைந்த வழியைத் தேடிப் போனால், பாட்டுகளில் பாதிதான் கிடைக்கிறது. மீதி ரீ-ரிகார்டிங்கில் இருக்கிறது. டைட்டில் ஓடும்போதும், கார் துரத்தலிலும், கிடங்குச் சண்டையிலும், ஹோட்டல் பாரின் மூலையிலும் ஒலித்த அந்தப் பின்னணி இசை பெரும்பாலும் தட்டாக வெளிவந்ததே இல்லை. படச்சுருளின் ஓரத்தில் ஓடும் ஒலித்தடம்தான் அதற்கு இருக்கும் ஒரே சான்று. இந்த வரலாறு பிறந்தது மும்பையிலும் சென்னையிலும் என்றாலும், அதைப் படிக்க வேண்டிய ஊர் புனே என்று நான் சொல்வது இதனால்தான்.

கோலாப்பூரிலிருந்து 1933இல் புனேக்கு வந்த பிரபாத் ஸ்டுடியோவின் வளாகத்தில் 1960இல் திரைப்படக் கல்லூரி தொடங்கியது. 1964 பிப்ரவரியில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதே ஊரில் அமைந்தது. பி.கே. நாயர் கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே உழைத்து, கலைப்படம், வணிகப்படம் என்று பிரித்துப் பார்க்காமல் சுருள்களைச் சேர்த்தார். அவரது அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இன்று இதைப் பற்றிப் பேசவே வழியில்லை.

முதலில் இசையின் இயல்பைப் பார்ப்போம். ஜேம்ஸ் பிரவுன் 1960களின் நடுவில் தன் வாத்தியக் குழுவை முதல் அடியில் அழுத்தம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அந்த முதல் அடி நம் தாளத்தின் சமம் போலக் குழுவையே ஒன்றாக இறக்கும். இடைப்பட்ட இடத்தை டிரம்ஸும் கிட்டாரும் பேஸும் சின்னச் சின்ன வெட்டுகளால் நிரப்பும். இந்த இசை திரையில் நிலைபெற்றது 1971இல் வந்த 'ஷாஃப்ட்' படத்தில். ஐசக் ஹேய்ஸ் அமைத்த அதன் தலைப்பு இசையில் குரல் வரவே இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. அதுவரை ஹை-ஹாட்டின் பதினாறாம் பகுப்புத் தட்டல், வா-வா பெடல் வழியாக வரும் சார்லஸ் பிட்ஸின் கிட்டார், அவற்றுக்கு மேல் வயலின்களும் பிராஸும். நடந்து போகும் ஒரு மனிதனின் மிடுக்கை முழுக்க இசையே சொல்லிவிடுகிறது. ஹேய்ஸுக்கு 1972இல் ஆஸ்கர் கிடைத்தது. அதே ஆண்டில் கர்ட்டிஸ் மேஃபீல்டின் 'சூப்பர் ஃப்ளை' வந்தது. தொலைக்காட்சியில் டான் கார்னீலியஸின் 'சோல் டிரெய்ன்' 1970இல் சிகாகோவில் தொடங்கி, அடுத்த ஆண்டே நாடெங்கும் போய்ச் சேர்ந்தது.

நம்மிடம் அப்படி ஒரு தொலைக்காட்சி இல்லை. மும்பை தூரதர்ஷன் 1972 அக்டோபர் 2இல்தான் தொடங்கியது. புனேக்காரர்கள் அதைச் சிங்ககட் மலைக்கோட்டையின் கோபுரம் வழியாகப் பெற்றார்கள். இந்த இசை நம்மிடம் வந்தது தட்டுகள் மூலமும், ஹோட்டல் மேடைகள் மூலமும். மும்பையிலும் கல்கத்தாவிலும் இரவில் ஹோட்டலில் வாசித்த கோவாக்காரர்களும் பார்சிகளும் ஆங்கிலோ இந்தியர்களும் பகலில் ஸ்டுடியோவில் உட்கார்ந்தார்கள். இசையமைப்பாளர் கேட்டாரோ இல்லையோ, அவர்கள் விரல்களில் அது முன்பே ஏறியிருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில் 1969இல் பாடத் தொடங்கிய உஷா உதுப்பும் இந்தப் பாதையில் வந்தவர்தான். மும்பைத் தமிழ்க் குடும்பத்துப் பெண். பட்டுப்புடவையும் பெரிய பொட்டும். பெண் குரல் என்றால் உச்சஸ்தாயி என்றிருந்த காலத்தில் கீழ்ஸ்தாயியில் நின்று பாடிய கனத்த குரல். 'ஷான்' (1980) படத்தின் டைட்டில் பாட்டை இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன் அவரிடம் கொடுத்தது மிகச் சரியான தேர்வு.

பர்மனின் குழுவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கெர்சி லார்டின் கீபோர்டும் சின்தசைசரும், டோனி வாஸின் பேஸ், ஃபிராங்கோ வாஸின் டிரம்ஸ், பானு குப்தா, ரமேஷ் ஐயர் ஆகியோரின் ரிதம் கிட்டார், மனோஹரி சிங்கின் சாக்ஸபோன், ஹோமி முல்லனின் தாளக் கருவிகள். ஃபங்க் தனி ஆளின் இசையல்ல, கூட்டாக வாசிப்பவர்களின் இசை. இப்படி ஆண்டுக்கணக்காக ஒன்றாக வாசித்த குழு இல்லாமல் அது கைகூடாது. 1975 ஜனவரியில் வந்த 'தீவார்' படத்தில் அமிதாப் பச்சனும் பர்வீன் பாபியும் சந்திக்கும் பார் காட்சியில் உர்ஸுலா வாஸ் பாடிய ஓர் ஆங்கிலப் பாட்டு மெல்ல ஓடும். யாரும் வாயசைப்பதில்லை, ஆடுவதில்லை. சோல் இசை இந்தித் திரையில் தன் இயல்பான இடத்தில், அறையின் காற்றாக இருந்த அபூர்வமான தருணம் அது.

கல்யாண்ஜி–ஆனந்த்ஜியின் 'டான்' (1978) வேறு வகை. ஹெலன் போலீஸ் வரும்வரை வில்லனைத் தாமதப்படுத்த ஆடும் ஆட்டத்துக்கு ஆஷா போஸ்லே பாடினார். பிராஸ் வெட்டுகளும் ஓடிக்கொண்டே இருக்கும் பேஸும் அந்தக் காட்சியின் பதற்றத்தைத் தாங்குகின்றன. பாட்டே ஒரு துரத்தல் காட்சியாகிவிடுகிறது. இதே கதை தமிழில் 'பில்லா' (1980) ஆனபோது எம்.எஸ். விஸ்வநாதன் இந்தி மெட்டுகளை எடுக்காமல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். அதற்கு முந்தைய ஆண்டு 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' பாட்டில் அவர் காட்டிய துள்ளலைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

இங்கே தொழில்நுட்பம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்கால ஒளியியல் மோனோ ஒலித்தடம் உச்ச அலைவரிசைகளை வெட்டிவிடும். கொட்டகை ஒலிபெருக்கி அடி ஒலிகளையும் முழுதாகத் தராது. ஃபங்க்கின் இரண்டு தூண்களான ஹை-ஹாட்டின் பளபளப்பும் பேஸின் ஆழமும் இப்படித் திரையரங்கில் மங்கிப்போயின. பாதிக்கப்படாமல் வந்து சேர்ந்தது நடு அலைவரிசை, அதாவது வா-வா கிட்டாரும் பாங்கோவும் பிராஸும். இந்தியப் பார்வையாளர் மனதில் ‘அந்தக் கால ஆக்‌ஷன் பட இசை’ என்றாலே வா-வா கிட்டார் நிற்பதற்கு இசையமைப்பாளர்களின் விருப்பத்தோடு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சென்னையில் கதை வேறு விதமாகத் திரும்பியது. அதிலும் புனேக்குப் பங்கு உண்டு. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, புனே கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளியே வந்தவர். அவருடைய 'மூடுபனி' (1980) இளையராஜாவின் நூறாவது படம். 'என் இனிய பொன் நிலாவே' பாட்டில் கிட்டாரையும் பேஸையும் தனியாகப் பின்தொடர்ந்து கேட்டால், சோல் காதல் பாட்டுகளின் அடக்கமும் இதமும் புலப்படும். பேஸ் அங்கே வெறும் சுருதிக்கட்டாக இல்லை, இரண்டாவது மெட்டாகவே நடக்கிறது. மும்பையில் வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசித்துப் பார்த்துத் தேடிய ஒன்றை, இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் தாளில் எழுதிக் கொடுத்தார். சசிதரனின் பேஸும் புருஷோத்தமனின் டிரம்ஸும் விஜி மானுவலின் கீபோர்டும் அந்த எழுத்துக்கு உயிர் கொடுத்தன. கூடி வாசித்துக் கண்டெடுக்கும் இசையை எழுத்தில் வடித்தும் அதன் துள்ளல் குறையாமல் காத்ததுதான் தமிழ்நாடு இந்த இசைக்குச் சேர்த்தது. நான் இதைப் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

1980களில் டிஸ்கோவும் டிரம் மெஷினும் வந்து ஃபங்க்கை ஓரம் கட்டின. புனே கல்லூரி மாணவர் பங்கஜ் பராஷர் தூரதர்ஷனுக்குக் 'கரம்சந்த்' (1985) எடுத்துவிட்டு, 'பெவர்லி ஹில்ஸ் காப்' படத்தின் சாயலில் 'ஜல்வா' (1987) இயக்கினார். அதன் தலைப்புப் பாட்டை ரெமோ ஃபெர்னாண்டஸ் பாடினார். துரத்தல் அப்படியே இருக்க, அதன் தாளம் மாறிவிட்டது.

பழைய இசைக்கு மறுவாழ்வு வெளிநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் டேன் தி ஆட்டோமேட்டர் 1990களின் இறுதியில் கல்யாண்ஜி–ஆனந்த்ஜியின் பின்னணி இசைத் துண்டுகளைத் திரட்டி 'பாம்பே தி ஹார்ட் வே' தொகுப்பாக்கினார். பிளாக் ஐட் பீஸ் குழு தன் 2003 ஆல்பத்தில் 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படத்து 'உனக்கும் எனக்கும்' பாட்டின் துண்டைச் சேர்த்தது. மகானின் வாழ்க்கையைச் சொல்லும், ரஜினிகாந்தின் நூறாவது படத்துப் பாட்டு அமெரிக்க ஃபங்க் ஆல்பத்துக்குப் பொருந்தியது என்றால், அதற்குள் அந்தத் தாளம் முன்பே குடியிருந்தது என்றுதான் பொருள். 2005இல் அதே குழு 'அப்ராத்', 'டான்' படங்களின் பாட்டுகளிலிருந்து எடுத்துக் கட்டிய பாட்டு கிராமி வாங்கியது.

இந்தியாவில் இந்த நினைவை மீட்டவர்களில் முக்கியமானவர் புனே கல்லூரியின் ஸ்ரீராம் ராகவன். 'ஜானி கத்தார்' (2007) படத்தைத் தயங்காமல் விஜய் ஆனந்துக்கும் ஜேம்ஸ் ஹாட்லி சேஸுக்கும் காணிக்கையாக்கினார். ஷங்கர்–எஹ்சான்–லாயின் பாட்டும் டேனியல் ஜார்ஜின் பின்னணியும் எழுபதுகளின் சுவையை நகலாக்காமல் தொட்டன. புனேயிலேயே நடக்கும் 'அந்தாதுன்' (2018) இன்னும் ஒரு படி போகிறது: அதில் பழைய நடிகராக வருபவர் அதே கல்லூரியில் பயின்ற அனில் தவன், அவர் பார்த்து மகிழும் பழைய பாட்டுக் காட்சிகள் அவர் உண்மையிலேயே நடித்தவை.

ஆனால் பின்னணி இசை பற்றிய அடிப்படை வேலை இன்னும் பாக்கி. வாத்தியக்காரர் பெயர்கள் டைட்டிலில் வருவது அரிதாக இருந்தது. புனேயின் 'பஞ்சம்மேஜிக்' ரசிகர் குழு பர்மனிடம் வாசித்தவர்களை மேடைக்கு அழைத்துப் பேச வைத்தது, பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை. அசிடேட் சுருள்கள் வினிகர் வாடை எழுப்பி அழிகின்றன. காந்தப் பூச்சுள்ள ஒலிச்சுருள்கள் இன்னும் விரைவாகக் கெடுகின்றன, ஏனெனில் அந்த இரும்பு ஆக்சைடே சிதைவைத் தூண்டுகிறது. படங்களை மீட்கும் தேசிய முயற்சியில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இசைக்குறிப்பேடு சேர வேண்டும்: எந்த ரீலில், எத்தனையாவது நிமிடத்தில், என்ன கருவிகள், தெரிந்தால் யார் கை. 'தீவார்', 'டான்', 'தி கிரேட் கேம்ப்ளர்', 'தி பர்னிங் டிரெய்ன்', நம் பக்கத்தில் 'சிகப்பு ரோஜாக்கள்', 'மூடுபனி', 'பில்லா' ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அந்தக் குழுக்களில் வாசித்தவர்கள் சிலரேனும் அருகில் உட்கார்ந்து கேட்டுச் சொல்லக்கூடிய இந்த ஆண்டுகளிலேயே அது நடக்க வேண்டும்.