அசையாமல் கிடந்த பிள்ளைகளும் அவர்களைப் படுக்க வைத்தவர்களும்

ஆசிரியர் செயலமர்வுகளில் நம்மில் பலர் அந்தப் படத்தைப் பார்த்திருப்போம். திரையில் ஒரு மூளை. சில இடங்கள் சிவப்பு, சில இடங்கள் மஞ்சள். "பிள்ளையின் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது" என்பார் வளவாளர். நாமும் கொப்பியில் குறித்துக்கொண்டு வந்துவிடுவோம். அந்தப் படத்தை எடுப்பதற்கு ஒரு பிள்ளையை யார், எப்படிப் படுக்க வைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. "ஆடாம இரு" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் நமக்கு அந்த வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் சுகமாக இருக்கும் பிள்ளையின் மூளையை யாராலும் பார்க்க முடியாது. 1979 இல் பீட்டர் ஹட்டன்லோக்கர் நரம்பிணைப்புகளை எண்ணியது இறந்தவர்களின் மூளைகளில். 1987 இல் ஹரி சுகானி, உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் மூளை எவ்வளவு சீனியை எரிக்கிறது என்று அளந்தார். ஆனால் அதற்குக் கதிரியக்கப் பொருளை ஊசியால் ஏற்ற வேண்டும். அதனால் வருத்தம் காரணமாக ஸ்கேனுக்கு வந்த பிள்ளைகளை வைத்தே அதைச் செய்ய முடிந்தது. சுகதேகியான பிள்ளைக்கு எக்ஸ்-கதிரோ கதிரியக்கமோ கொடுப்பது நியாயமில்லை என்பது அன்றும் ஒத்துக்கொண்ட விடயம்.

காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்ததும் அந்தத் தடை நீங்கியது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற வைத்தியரின் குழு 1990களின் தொடக்கத்திலிருந்து ஒரே பிள்ளைகளை ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அழைத்துப் படமெடுத்தது. 1999 இல் 145 பேரின் முடிவுகள் வெளியாயின. மூளையின் முன்பகுதியின் சாம்பல் நிறப் பொருள் பெண் பிள்ளைகளில் 11 வயதளவிலும் ஆண் பிள்ளைகளில் 12 வயதளவிலும் உச்சத்துக்குப் போய், பிறகு குறையத் தொடங்குகிறது. பருவ வயதுப் பிள்ளைகளின் மூளை இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது என்று நாம் இன்று கதைப்பதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

ஆனால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உள்ளே கிடப்பவர் அசையக் கூடாது. குழாய் மாதிரி ஒடுக்கமான இடம், சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம். அதற்குள் எட்டு வயதுப் பிள்ளையை அரை மணித்தியாலம் கிடத்துவதை யோசித்துப் பாருங்கள். பேராசிரியரின் பெயர் கட்டுரையில் வரும். பிள்ளையின் பக்கத்தில் நிற்பவர் ஆய்வு உதவியாளர். பெரும்பாலும் அப்போதுதான் பட்டம் முடித்த இளம் பிள்ளை. ஓரிரு வருடம் வேலை செய்துவிட்டு மேற்படிப்புக்குப் போய்விடுவார்.

அவருடைய வேலை ஸ்கேன் அறைக்கு வெளியே தொடங்குகிறது. பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் எடுக்க வேண்டும். பிள்ளையிடமும் தனியாகக் கேட்க வேண்டும். பிள்ளை மாட்டேன் என்றால் அத்தோடு சரி. சட்டைப்பை, கொண்டை ஊசி, பல் கம்பி என்று உலோகம் எல்லாவற்றையும் தேட வேண்டும். பிறகு காந்தமே இல்லாத போலி ஸ்கேனரில் ஒத்திகை. சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டி, விண்வெளிப் பயணம் என்று கதை சொல்லி, சிலை விளையாட்டு விளையாடி, அசையாமல் இருக்கப் பழக்குவார்கள். உண்மையான ஸ்கேனில் கையில் ஒரு பந்தைக் கொடுப்பார்கள். அதை அமுக்கினால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். கைக்குழந்தை என்றால் பால் கொடுத்து, துணியால் சுற்றி, தானாக நித்திரையாகும் வரை காத்திருப்பார்கள். நம் உம்மாமாருக்கு இதில் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

இவ்வளவு செய்தும் பிள்ளைகள் கொஞ்சம் அசைந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கொஞ்சம் பெரிய விடயமாக மாறியது இப்படித்தான்.

2000களில் செயின்ட் லூயிஸ் நகரின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பீட்டர்சன், பிராட்லி ஷ்லாகர் ஆகியோரின் குழு, மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன என்று ஆராய்ந்தது. பிள்ளைகளில் பக்கத்துப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பு வலுவாக இருக்கிறது, வளர வளரத் தூரத்துத் தொடர்புகள் வலுக்கின்றன என்று அவர்கள் எழுதினார்கள். அழகான முடிவு. பலரும் அதை எடுத்துக் கையாண்டார்கள்.

2012 இல் அதே குழுவிலிருந்து, ஜொனதன் பவர் முதல் ஆசிரியராக, இன்னொரு கட்டுரை வந்தது. தலை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக அசைந்தாலே பக்கத்துத் தொடர்புகள் கூடினது போலவும் தூரத்துத் தொடர்புகள் குறைந்தது போலவும் படம் காட்டுகிறது என்று அதில் நிறுவினார்கள். பெரியவர்களை விடப் பிள்ளைகள் கூடுதலாக அசைவார்கள். அப்படியென்றால் வளர்ச்சி என்று எண்ணியதில் ஒரு பங்கு, பிள்ளைகளின் தலை ஆட்டம். அதே ஆண்டில் வேறு குழுக்களும் இதையே கண்டன. வயதோடு வரும் மாற்றம் முற்றாக இல்லாமல் போகவில்லை. ஆனால் அதன் அளவு சுருங்கியது. தாம் கட்டிய வீட்டின் சுவரைத் தாமே தட்டிப் பார்த்து, வெடிப்பு இருக்கிறது என்று ஊருக்குச் சொன்ன மனிதர்கள் அவர்கள். இதை நாம் அந்தச் சிவப்பு மஞ்சள் படத்தை விடப் பெரிதாக மதிக்கிறோம்.

அதன் பிறகு உதவியாளரின் வேலைக்கு மதிப்புக் கூடியது. ஸ்கேன் நடக்கும்போதே தலை எவ்வளவு அசைகிறது என்று காட்டும் மென்பொருள் வந்தது. படம் பார்க்க விட்டால் சின்னப் பிள்ளைகள் குறைவாக அசைகிறார்கள் என்றும் கண்டார்கள். (வீட்டில் ஃபோனைக் கையில் கொடுத்துச் சோறு ஊட்டுபவர்களுக்கு இது புதினமில்லை.)

ஆனால் ஒரு கேள்வி மிச்சம். கூடுதலாக அசைந்த பிள்ளையின் படத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கப்படுவது யார்? கூடுதலாகச் சின்னப் பிள்ளைகள், கவனக்குறைவுப் பிரச்சினை உள்ளவர்கள், ஓட்டிசம் உள்ளவர்கள். நம் வகுப்பில் கடைசி வாங்கில் நெளிந்துகொண்டிருக்கும் பிள்ளை அந்தச் சராசரிப் படத்துக்குள் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் அந்தப் படத்தைக் காட்டித்தான் அவனைப் பற்றி நமக்குப் பாடம் நடக்கிறது.

2016 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.பி.சி.டி. ஆய்வு 21 இடங்களில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 11,800க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, பத்து வருடம் பின்தொடரத் திட்டமிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அன்று கையில் பந்தைக் கொடுத்துப் படுக்க வைக்கப்பட்ட பிள்ளைகள் இன்று வாலிபர்கள்.