ஊதும் பெட்டி கணக்கெழுத வந்த கதை

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் ஸ்லீப் ஆப்னியா கடுமையானால், அதற்கு ஒருகாலத்தில் நம்பகமான வைத்தியம், கழுத்தில் துளைபோட்டு மூச்சுக்கு வழிவிடுவதுதான். சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் 1980இல் வேறு வழி பார்த்தார். வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் காற்றூதப் பழக்கினார். நோயாளியின் மூக்குக்கு அச்செடுத்து மாஸ்க் செய்து, ராத்திரிதோறும் சிலிக்கான் பசை தடவி முகத்தில் ஒட்டினார்கள். குறட்டையோடு அடைத்துக்கொள்ளும் தொண்டை, காற்று முட்டுக்கொடுத்ததும் திறந்தே நின்றது. 5 பேருக்குச் செய்த சிகிச்சையின் விவரம் 1981இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. சிபாப் எனப்படும் அந்த இயந்திரத்துக்கு அன்று ஊதுவது ஒன்றுதான் வேலை.

பிறகு சென்சார் வந்தது, மெமரி கார்டு வந்தது, மோடம் வந்தது. அமெரிக்காவில் அரசுக் காப்பீடான மெடிகேர், தொடர்ந்து பணம் கொடுக்க நிபந்தனை போட்டது: 30 நாளில் 70 சதவீத ராத்திரிகளிலாவது 4 மணி நேரம் மாஸ்க் மாட்டியிருக்க வேண்டும். ஊதிய பெட்டியே சாட்சியும் ஆனது. மாட்டிய நேரத்தை அது சொன்னால் நம்பலாம்.

மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்று காலையில் திரையில் காட்டுகிறதே, அந்த எண்தான் வில்லங்கம். பெட்டிக்குத் தெரிந்தது காற்றோட்டமும் அழுத்தமும் மட்டுமே. தூக்க ஆய்வகத்தில் தலையில் ஒயர் ஒட்டித் தூக்கத்தை அளக்கிறார்கள். மூச்சு நிற்காமல் குறைந்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதா, மூளை விழித்ததா என்றும் பார்க்கிறார்கள். பெட்டிக்கு இவை எதுவும் தெரியாது. மாஸ்க்கோடு 8 மணி நேரம் படுத்தவர் 6 மணி நேரம்தான் தூங்கினார், 36 தடைகள் என்று வையுங்கள். பெட்டி 8ஆல் வகுத்து 4.5 என்னும், ஆய்வகம் 6ஆல் வகுத்து 6 என்னும். 5க்குக் கீழே இருந்தால் சரி என்பது வழக்கம். ஒரே ராத்திரி, இரண்டு தீர்ப்பு!

மூச்சு நின்றால் சில இயந்திரங்கள் சிற்றலையாய் அழுத்தத்தை அசைத்துப் பார்க்கும்; தொண்டை அடைப்பா, மூளையே மூச்சை மறந்ததா என்று எதிரொலியை வைத்து ஊகிக்கும். கெட்டிக்காரத்தனமான உத்தி, சந்தேகமில்லை. வாய்வழியே காற்று கசிந்தால் அந்த ஊகமும் தடுமாறும். போதாததற்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்குமுறை. கசிவையும் மிச்சத் தடைகளையும் காட்டும் எண்களை, மாட்டிய நேரத்தைப் போல எளிதாகப் பொருள்கொள்ள முடியாது என்று அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2013இலேயே சொல்லிவிட்டது.

எண் 20ஐத் தாண்டி நின்றால் கட்டாயம் கவனிக்க வேண்டும். 3 என்று காட்டியும் பகலில் கண் சொக்குகிறதென்றால், திரையை நம்பி இருந்துவிடாமல் டாக்டரிடம் சொல்லி, ஆய்வகத்தில் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுப்பது பற்றிக் கேட்பது நல்லது.