நொடியில் பத்தில் ஒன்று

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்துத் திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே இருக்கும் சித்தப்பாவின் சவுக்குத் தோப்புக்குப் போனேன். மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, சில வேரோடு வந்திருந்தன. இன்னும் சில உடையாமல், வில் மாதிரி வளைந்து நுனி மண்ணில் குத்தி நின்றன. அறுக்க வந்தவர்கள் நான்கு பேர், மெஷின் ரம்பம் ஒன்று. ரம்பம் வைத்திருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். லுங்கி, ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. ரம்பத்தின் முன்பக்கம், கைப்பிடிக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்குமே, அதை சைக்கிள் டியூப் துண்டால் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

"ஏண்ணே கட்டியிருக்கீங்க?"

"அது சும்மா சும்மா முன்னாடி விழுந்துடுது தம்பி. விழுந்தா செயின் நின்னுடும். ஒவ்வொரு வாட்டியும் இழுத்து விட்டுட்டிருந்தா டன் ஏறாது."

அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன் நான். கையில் சிராய்ப்பு படாமல் இருக்க வைத்த தடுப்பு என்றுதான் நினைத்தேன். அது ஒரு பிரேக்கின் நெம்புகோல் என்று பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது. 'டன் ஏறாது' என்று அவர் சொன்னதில் பாதி வரலாறு இருந்தது என்பது இன்னும் தாமதமாகப் புரிந்தது.

சங்கிலி ரம்பத்தின் முன்னோடி காட்டில் பிறக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து மருத்துவர்கள் எலும்பை அறுக்கப் பல் வைத்த சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். பிரசவத்தில் குழந்தை சிக்கிக்கொண்டால் இடுப்பெலும்பின் இணைப்பைப் பிரிப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. மயக்க மருந்து வராத காலம். இதை நினைத்துக்கொண்டு மேலே படிப்பது கொஞ்சம் கஷ்டம்தான். 1830 வாக்கில் ஜெர்மனியின் பெர்னார்ட் ஹைனே அந்தச் சங்கிலியை ஒரு தகட்டைச் சுற்றி ஓடவிட்டு, கைப்பிடியால் சுழற்றும்படி செய்தார். இன்றைய ரம்பத்தின் உருவம் அதில் வந்துவிட்டது. எஞ்சின் மட்டும்தான் பாக்கி.

அது வர நூறு வருஷம் ஆனது. ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926இல் மின்சார ரம்பம் செய்தார், 1929இல் பெட்ரோல் ரம்பம். பின்னதன் எடை 46 கிலோ. இரண்டு பேர் தூக்க வேண்டும். அந்தக் காலத்து எஞ்சினுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை ஒரு மிதவைதான் பார்த்துக்கொள்ளும். எஞ்சினைச் சாய்த்தால் மிதவை குழம்பிப்போய் எஞ்சின் அணைந்துவிடும். பைக் சாய்ந்து விழுந்தால் பெட்ரோல் வழிகிறதே, கிட்டத்தட்ட அதே கதை. மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு ஒன்றை வைத்த கார்புரேட்டர் வந்த பிறகுதான் ரம்பத்தைப் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடிக்க முடிந்தது. எடை குறைந்து ஓர் ஆள் கைக்குள் வந்தது. அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழு தன் தாடையை இடமும் வலமுமாக ஓட்டுவதைக் கவனித்து, அதே மாதிரி பல் அமைத்த சங்கிலியை 1947இல் விற்க ஆரம்பித்தார். இன்று திருப்போரூர் கடையில் தொங்கும் சங்கிலி வரைக்கும் அந்தப் புழுவின் தாடைதான்.

ரம்பம் லேசானது, வேகமானது, ஒற்றை ஆளுடையது. அப்போதுதான் அது திருப்பி அடிக்கத் தொடங்கியது.

சங்கிலி நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 70 கிலோமீட்டர். தகட்டின் மேல்விளிம்பில் முன்னோக்கிப் போய், நுனியில் வளைந்து, கீழ்விளிம்பில் ஆளை நோக்கித் திரும்பும். கீழ்ப்பக்கத்தால் அறுக்கும்போது சங்கிலி ரம்பத்தை மரத்தோடு சேர்த்து இழுக்கும், ஆபத்தில்லை. நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால்தான் வினை. அங்கே பல் தேவைக்கு மேல் ஆழமாகக் கடித்துச் சிக்கிக்கொள்கிறது. சங்கிலி நகர முடியாது, எஞ்சின் விடாது. அந்த விசை முழுக்கத் தகட்டுக்குப் போய், ரம்பம் மேலே எழும்பி ஆளின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். எல்லாம் நொடியில் பத்தில் ஒன்று, இரண்டுக்குள் முடிந்துவிடும். கண் பார்த்து, மூளை புரிந்து, கை நகரவே அதைவிட நேரம் ஆகும். 'ஜாக்கிரதையா இரு' என்ற அறிவுரைக்கு அங்கே இடமே இல்லை.

சவுக்குத் தோப்பில் மரத்துக்கு மரம் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் இடைவெளிதான். முன்னால் இருக்கும் மரத்தை அறுக்கையில் நுனி பின்னால் இருக்கும் மரத்தில் படும். புயல் சாய்த்த தோப்பில் கேட்கவே வேண்டாம்.

1970களின் தொடக்கத்தில் செயின் பிரேக் வந்தது. ஸ்வீடனின் ஹஸ்க்வர்ணா 1973இல் தானாக இயங்கும் பிரேக்கைக் கொண்டுவந்தது. அது எளிமையானது, அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது. எஞ்சினுக்கும் சங்கிலிக்கும் நடுவில் மையவிலக்கு கிளட்ச் ஒன்று இருக்கிறது. எஞ்சின் வேகமெடுத்தால் உள்ளே இருக்கும் கட்டைகள் விரிந்து ஒரு டிரம்மைப் பிடித்துச் சுழற்றும். வேகம் குறைந்தால் விட்டுவிடும். அந்த டிரம்மைச் சுற்றி ஒரு எஃகுப் பட்டை, அதை இறுக்க ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கைத் தடுத்து வைத்திருப்பதுதான் முன்னாலிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் தடுப்பு. ரம்பம் மேலே எழும்பும்போது இடது கையின் பின்புறம் அதில் படலாம். படாவிட்டாலும் பரவாயில்லை. ரம்பம் சட்டென்று திரும்பும், தடுப்போ தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பஸ் திடீரென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோமே, அதே நிலைமம். கொக்கி கழன்று, பட்டை டிரம்மை இறுக்கி, சங்கிலி நொடியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி நின்றுவிடும். மனிதன் தவறவிடும் அந்தத் துளி நேரத்துக்குள் நுழைந்து வேலை செய்வதற்கென்றே ஒரு பாகம்.

அதைத்தான் அண்ணன் டியூப் போட்டுக் கட்டியிருந்தார்.

அவரை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். பட்டை தேய்ந்து, கொக்கி முனை மழுங்கி, தூசி அடைத்த பிரேக் காரணமில்லாமல் விழும். என் வேலையில் நடுராத்திரி பொய் அலாரம் நான்கு முறை அடித்தால் ஐந்தாவது முறை அதை மௌனமாக்கிவிட்டுத் தூங்குகிறவன்தான் நானும். வித்தியாசம் ஒன்றுதான். எனக்கு மாதச் சம்பளம், அவருக்கு டன் கணக்கு.

ஸ்வீடனிலும் முதலில் கணக்கு அப்படித்தான் இருந்தது. மரம் வெட்டுகிறவர்களுக்கு வெட்டிய அளவுக்குத்தான் கூலி. 1975இல் ஸ்வீடன் காட்டுத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை துண்டுக்கூலியை ஒழித்து மாதச் சம்பளம் தர வேண்டும் என்பது. அது நடந்தது. அதன் பிறகு மோசமான விபத்துகள் குறைந்ததை அங்கே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். ரம்பம் அதேதான், பிரேக்கும் அதேதான். அவசரத்துக்கு மட்டும் இனி காசு கிடையாது. பிரேக்கைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் இந்த வேலைநிறுத்தம் வருவது அபூர்வம். எங்கள் தோப்புக்கு வந்து சேர்ந்தது பிரேக் மட்டும்தான். கூலிக் கணக்கு கப்பல் ஏறவில்லை.

அதே எழுபதுகளின் கடைசியில் ஸ்வீடன் பணம் இந்தக் கரைக்கு வேறு வழியாக வந்தது, சின்ன எஞ்சினோடு. 1979இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு, ஸ்வீடன் நிதியில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் முன் இருந்த கேள்விகளில் ஒன்று கட்டுமரக்காரனுக்கு எஞ்சின் கொடுப்பது எப்படி என்பது. கேட்கச் சுலபம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிப் போகும் கரை முழுக்கத் திறந்த மணல். இயற்கைத் துறைமுகம் இல்லை. அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் போகவும் வரவும் வேண்டும். கட்டுமரத்தில் தண்ணீர் இடுக்கு வழியாக வந்து இடுக்கு வழியாகவே போய்விடும், அலை தூக்கிப் போட்டாலும் மணலில் வழுக்கி நிற்கும். அதில் வழக்கமான எஞ்சினை வைத்தால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் புரொப்பல்லர் முதல் கரையேற்றத்திலேயே மணலில் மோதி உடையும். பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டைத் தூக்கிக்கொள்ளலாம், ஆனால் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் குடித்தே ஆளைக் காலி பண்ணிவிடும்.

நார்வேக்காரரான படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்சென்னும் இந்தியப் பொறியாளர்களும் சேர்ந்து கண்ட விடை, ரம்பத்தின் பிரேக் அளவுக்கு எனக்குப் பிடித்தது. சின்ன டீசல் எஞ்சினைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்தார்கள். எஞ்சின், தண்டு, புரொப்பல்லர் மூன்றும் ஒரே துண்டாக ஓர் அச்சில் ஊசலாடும். பெட்டிக்கும் படகுக்கும் நடுவில் ரப்பர் துருத்தி, அதனால் தண்ணீர் ஏறாது. கரை நெருங்கினால் ஒரு நெம்புகோலை இழுக்க வேண்டும், புரொப்பல்லர் படகின் அடியில் உள்ள குடைவுக்குள் ஒளிந்துகொள்ளும். சுழலும் இலை, மனிதக் கால், மணல் மூன்றும் சந்திக்காது. இந்த வகைக் கரையேறும் படகுகளை ஆந்திர, ஒரிசா மீனவர்கள்தான் அதிகம் ஏற்றார்கள். எங்கள் கரையில் அவை வேர் பிடிக்கவில்லை.

இங்கே ஜெயித்தது லாங் டெயில். தாய்லாந்தில் ரொம்ப நாளாக இருந்த ஏற்பாடு. படகின் பின்விளிம்பில் ஒரு சுழல்தாங்கி, அதன்மேல் காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல், பின்னால் ஆள் உயரத்தைவிட நீளமான தண்டு, நுனியில் புரொப்பல்லர். கைப்பிடியை அமுக்கினால் புரொப்பல்லர் தண்ணீரைவிட்டு மேலே வரும். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகப் பைபர் படகுகள் வந்து குவிந்து, கட்டுமரங்கள் ஓரம் கட்டப்பட்டபோது இதுவும் பரவியது. கிரீவ்ஸ் கம்பெனி இங்கே தயாரித்த லம்பார்டினி வகை எஞ்சின்கள் ஷேர் ஆட்டோவிலும் இருந்தன, ஒரு காலத்தில் டீசல் புல்லட்டிலும் இருந்தன. ஆட்டோ மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். ரப்பர் துருத்தி கிழிந்தால் யாரிடம் போவது? இந்தக் கேள்விக்கு முன்னால் எந்த நேர்த்தியான வடிவமைப்பும் நிற்காது. லாங் டெயில் ஜெயித்ததில் எனக்கு வருத்தமில்லை.

எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. புரொப்பல்லரைத் தூக்கும் வசதி இரண்டிலும் உண்டு. இலை உடைந்தால் முதலாளிக்குச் செலவு, அதனால் அது தங்கியது. குடைவு போய்விட்டது, இலை காற்றில் வெறுமனே சுழல்கிறது. ரம்பத்தில் இருக்கும் கிளட்ச்கூட இவற்றில் பலவற்றில் இல்லை, எஞ்சின் ஓடினால் இலையும் ஓடும். அவுட்போர்டில் ஆள் தண்ணீரில் விழுந்தால் இடுப்புக் கயிறு இழுபட்டு எஞ்சின் அணையும். பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறியை வெட்டினால் போதும். டீசலுக்குப் பொறியே கிடையாது, எண்ணெயை நிறுத்த வேண்டும், யாராவது போய்த் திருக வேண்டும். தோப்பிலும் இதே கதைதான். சங்கிலிக்கு எண்ணெய் ஊற்றும் பம்பை யாரும் கட்டிப்போட்டு நான் பார்த்ததில்லை. மெஷினைக் காப்பாற்றுகிற பாகத்தை மெஷினுக்குச் சொந்தக்காரர் கவனித்துக்கொள்கிறார். ஆளைக் காப்பாற்றுகிற பாகத்தை அந்த ஆள்தான் தன் கூலியிலிருந்து கவனித்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "அடுத்த வெட்டுக்கு நாள் கூலி குடுத்துப் பாரேன்" என்றார், கிண்டலாகத்தான். கொடுத்துப் பார்த்தோம். ஒரு நாள் வேலை ஒன்றரை நாள் ஆனது. பிரேக்குக்குப் புதுப் பட்டை போட்டு வந்திருந்தார் அண்ணன், டியூப் இல்லை. மூன்று தடவை பிரேக் விழுந்தது. அதில் ஒன்று நிஜமா பொய்யா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை, அவர் மட்டும் கொஞ்ச நேரம் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். அதற்கடுத்த வெட்டு பழையபடி டன்னுக்குப் போய்விட்டது. சவுக்கு விலை இறங்கியிருந்தது.

போன மாசி மாதம் தேவனேரிக் கரையில் விடிகாலை ஒரு பைபர் படகு ஏறியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி அலையில் ஓட்டுகிறவர் கைப்பிடியை அமுக்க, இலை சொட்டச் சொட்ட மேலே வந்து அலறியது. கயிற்றைப் பிடிக்க ஓடிய பையன் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் போனான், பழக்கத்தில் கால் தானாக வளைகிறது. எஞ்சின் அணைந்ததும் கிட்டப் போனேன். இலைக்குக் கூண்டு எதுவும் இல்லை. அதற்குக் கீழே மட்டும் ஓர் இரும்புப் பட்டையைப் புதிதாக வெல்டிங் செய்திருந்தார்கள்.

"இது எதுக்குண்ணே?"

"மணல்ல இடிச்சா இலை மடங்கிடும் தம்பி. அதுக்குத்தான்."