மஞ்சள் மாத்திரை ஆன கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிக்குது. பேசினது பாடாலூரில் இருக்கும் எங்க பெரியம்மா பொண்ணு. திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், பெரம்பலூருக்கு முன்னாடி வருமே, அந்த பாடாலூர்தான்.

"தம்பி, நீ பழைய கதையெல்லாம் தேடிப் படிக்கிறவன். மஞ்சள் மாத்திரை நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லு."

அக்கா பையனுக்கு 6 வயசு, எடை 20 கிலோ. போன வருஷம் முழங்கால் வீங்கி, காலையில் எழுந்தா நடக்க முடியாம நொண்டினான். திருச்சியில் பார்த்த டாக்டர், குழந்தைகளுக்கு வரும் மூட்டு அழற்சி, ஜே.ஐ.ஏ-ன்னு சொன்னார். வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்ஸேட். வீக்கம் நல்லாவே குறைஞ்சது. ஆனா அக்காவுக்கு உள்ளுக்குள்ள பயம். "அது கேன்சருக்குக் குடுக்குற மருந்தாமே?" சொந்தக்காரர் ஒருத்தர் மூணு டப்பா வாங்கிக் கொடுத்திருக்கார்: மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய், வைட்டமின் டி. இதெல்லாம் கொடுத்துட்டு, அந்த மருந்தை நிறுத்திடலாமான்னு யோசிக்கிறாங்க.

நான் டாக்டர் இல்லை. ஆனா அக்கா கேட்ட ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலயும் ஒரு வரலாறு இருக்கு. அதைச் சொல்றேன்.

முதல் கேள்வி: "காலங்காலமா சாப்பிடுறதுதானே, என்ன ஆகிடும்?"

எங்க அம்மாயி வீட்டில் ஒரு உரைகல் உண்டு. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு எல்லாத்தையும் அதில் உரசி, தாய்ப்பாலில் கலந்து குழந்தை நாக்கில் தடவுவாங்க. இத்தனை சுத்துக்கு மேல உரசக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் கணக்கு இருந்தது. வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்'னே பேரு. அதே வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968-ல் தடை போட்டது. அதில் இருக்கும் அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கினதுதான் காரணம். பழசுங்கிறதால மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானதா ஆகிடாது. அம்மாயிக்கும் அது தெரியும். அதனாலதான் சுத்தை எண்ணினாங்க.

ரெண்டாவது: "அமெரிக்காக்காரனே மஞ்சளைத் திருடப் பார்த்தானே, அப்ப அதில் விஷயம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

அந்தக் கதை உண்மைதான். 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது. நம்ம சி.எஸ்.ஐ.ஆர், மஷேல்கர் தலைமையில், எதிர்த்து வழக்காடியது. பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆதாரமா வைச்சாங்க. 1997-ல் காப்புரிமை ரத்து. ஆனா அங்கே நடந்த விவாதம் 'இது புதுசா, பழசா' என்பதுதான். பழசுன்னு நிரூபிச்சோம், ஜெயிச்சோம். மஞ்சள் எந்த நோயைக் குணமாக்கும்னு அந்த வழக்கு தீர்ப்பு சொல்லலை. நம்மில் பலர் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டோம்.

நோயைப் பற்றிய ஆய்வுகள் தனி. பெரியவங்களோட மூட்டுத் தேய்மானத்தில் கொஞ்சம் வலி குறையுதுன்னு சில சின்ன ஆய்வுகள் சொல்லுது. குழந்தைகளின் ஜே.ஐ.ஏ-வில் மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் பதிலா மஞ்சள் போதும்னு எந்த ஆய்வும் நிரூபிக்கலை.

மூணாவது: "குழம்புல போடுறதுதானே கேப்ஸ்யூல்லயும் இருக்கு?"

இங்கேதான் கணக்கு மாறுது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினை ஐரோப்பிய வேதியியலாளர்கள் 1815-லேயே பிரிச்செடுத்துட்டாங்க. மஞ்சள் தூளில் அது சுமார் 3 சதவீதம்தான். ஒரு கிராம் தூளில் 30 மில்லிகிராம். அக்கா கையில் இருந்த கேப்ஸ்யூலில் 95 சதவீதச் சாறு, 500 மில்லிகிராம். அதாவது ஏறக்குறைய 475 மில்லிகிராம் குர்குமின். ஏறக்குறைய 16 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். உணவில் ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் வரைன்னு உலக சுகாதார நிறுவனமும் எஃப்.ஏ.ஓ-வும் சேர்ந்த நிபுணர் குழு வரம்பு வச்சிருக்கு. 20 கிலோ பையனுக்கு அது 60 மில்லிகிராம். ஒரே கேப்ஸ்யூல் அதைப் போல கிட்டத்தட்ட 8 மடங்கு.

நாலாவது: "மிளகு எதுக்கு?"

குர்குமின் தனியா போனா உடம்பில் சரியா சேராது. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகுச் சத்து, சேர்த்துக் கொடுத்தாங்க. ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடிச்சு. அதுக்கு முன்னாடியே ஜம்மு ஆய்வகத்தில், சுக்கு மிளகு திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தை வச்சு இதே யோசனையில் வேலை நடந்தது. அது காசநோய் மருந்து வரை போச்சு. பைப்பரின் சேர்த்ததால், ரிஃபாம்பிசினை 450-லிருந்து 200 மில்லிகிராமா குறைச்ச ஒரு மாத்திரை இந்தியாவில் வந்தது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழே கொண்டுவர முடியும்னா, மிளகுச் சத்து வேற மருந்துகளோட கணக்கையும் மாத்தலாம். மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் குழந்தைக்குக் கல்லீரலை ரத்தப் பரிசோதனையில் பார்த்துட்டே இருப்பாங்க. இத்தாலியில் 2019-ல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது பதிவாச்சு. அரசு எச்சரிக்கையே வெளியிட்டது. நாளைக்கு இவன் ரிப்போர்ட் ஏறினா, காரணம் மருந்தா மாத்திரையான்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்?

கடைசிக் கேள்வியை அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க. "டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரோ?"

நான் சொன்னது ஒண்ணுதான். "அக்கா, மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. அழற்சி அடங்கலைன்னா மூட்டே கெட்டுப்போகும். கண்ணுக்குள்ளயும் சத்தமில்லாம வரலாம். மூணு டப்பாவையும் அப்படியே தூக்கிட்டுப் போங்க."

அடுத்த செக்கப்புக்கு ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனாங்க. டாக்டர் திட்டலை. ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி லேபிளைப் படிச்சார். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'ன்னு சின்ன எழுத்தில் போட்டிருந்ததை அக்காவுக்குக் காட்டினார். மஞ்சள் கேப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னார். வைட்டமின் டி ரத்தத்தில் குறைவா இருந்ததால், அளவை அவரே எழுதிக் கொடுத்தார். மீன் எண்ணெய் அவசியமில்லை, வாரம் ரெண்டு நாள் மீன் கொடுங்கன்னார்.

"ரசத்துல மஞ்சள் போடலாமா சார்?"ன்னு அக்கா கேட்டிருக்காங்க.

"தாராளமா போடுங்கம்மா."

வீட்டில் இப்படி டப்பா வச்சிருக்கும் ஒருத்தருக்காவது இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.