ஊரில்லாத ஊருக்கு இரண்டு எம்.பி.

இங்கிலாந்தின் தெற்குக் கரைக்கு எதிரே ஐல் ஆஃப் வைட் என்றொரு தீவு. அதன் வடமேற்கில் நியூடவுன் என்ற இடத்தில், புல்வெளிக்கு நடுவே 1699-இல் கட்டிய டவுன் ஹால் ஒன்று நிற்கிறது. டவுன் ஹால் இருக்கிறது, டவுன்தான் இல்லை. 1377-இல் பிரெஞ்சுப் படை வந்து எரித்துவிட்டுப் போன பிறகு ஊர் தலையெடுக்கவே இல்லை. ஆனாலும் 1584 முதல் 1832 வரை இங்கிருந்து இரண்டு எம்.பி.க்கள் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

எப்படி? ஓட்டு ஆளுக்கு இல்லை, மனைக்கு. வீடு இடிந்தாலும் மனை இருக்குமே! பழைய மனைகளை வாங்கிப் போட்ட பெரிய குடும்பங்கள் தொகுதியையே கையில் வைத்திருந்தன. பக்கத்து யார்மவுத்துக்கு இரண்டு, நியூபோர்ட்டுக்கு இரண்டு. ஆக, தீவுக்கு மொத்தம் ஆறு பேர். அதே காலத்தில் ஆலைப்புகை கக்கிக்கொண்டிருந்த மான்செஸ்டருக்கென்று ஒரு எம்.பி.கூடக் கிடையாது.

1807-இல் நியூபோர்ட்டிலிருந்து போன இருவருமே பின்னாளில் பிரதமரானார்கள். ஒருவர், பிறகு வாட்டர்லூவில் ஜெயித்த வெலிங்டன். இன்னொருவர் பாமர்ஸ்டன். பாமர்ஸ்டனுக்கு அந்த இடத்தைத் தந்த சீமான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தேர்தல் நேரத்தில்கூடத் தொகுதிக்குள் கால் வைக்கக் கூடாது!

1832 சீர்திருத்தத்தில் நியூடவுனும் யார்மவுத்தும் போயின. 1885-இல் நியூபோர்ட்டும் போய், முழுத் தீவும் ஒரே தொகுதியானது. ஜனம் பெருகியது, எம்.பி. பெருகவில்லை. கடைசியில் 1,10,000-க்கும் மேற்பட்ட வாக்காளர்களோடு நாட்டிலேயே பெரிய தொகுதி அதுதான்.

2010-இல் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியும் சராசரியிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. தீவு ஒன்றுக்கு அதிகம், இரண்டுக்குக் குறைவு. அப்படியானால் மிச்சப் பகுதியைக் கடலுக்கு அப்பால் உள்ள ஹாம்ப்ஷயரோடு ஒட்ட வேண்டும். நடுவில் பாலமே இல்லாத சோலன்ட் நீரிணை. ஃபெரியோ ஹோவர்கிராஃப்ட்டோதான் கதி. தீவுக்காரர்கள் கொதித்தார்கள். மேலவையில் அரசு தோற்றது. 2011 சட்டம் தீவின் பெயரையே எழுதி, அதற்கு இரண்டு தொகுதி என்று விலக்குக் கொடுத்தது. கோடு எழுதுகிற எங்கள் பாஷையில் சொன்னால், ஹார்டுகோடு செய்துவிட்டார்கள்.

அது நடைமுறைக்கு வர 2024 ஆனது. மற்ற பெரும்பாலான தொகுதிகளுக்குக் குறைந்தபட்சம் 69,724 வாக்காளர்கள் வேண்டும் என்றிருக்க, இங்கே ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 55,000. கணக்குப்படி அநியாயம்தான், தீவுக்காரர் ஓட்டுக்கு எடை கூடுதல். இருந்தாலும் நான் தீவுக்காரர் பக்கம். பிரச்சனையைச் சொல்லப் போகிறவர் தன் எம்.பி.யைப் பார்க்க ஃபெரி டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால், பாமர்ஸ்டன் காலத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

ஒன்று வந்த கையோடு இன்னொன்றும் வந்தது. கடலே எல்லையாக இருந்த இடத்தில் தரையில் கோடு விழுந்தது. கிழக்கில் ரைட், சாண்டவுன். மேற்கில் நியூபோர்ட், கவ்ஸ். 2024 ஜூலையில் கிழக்கு கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போனது. மேற்கு, தீவின் முதல் லேபர் எம்.பி.யை அனுப்பியது. நியூடவுன் புல்வெளி இப்போது அவருடைய தொகுதியில் இருக்கிறது.